அங்கம்மாவின் பேட்டரி

தாலி கட்டவில்லை. பதிவும் இல்லை. அங்கம்மாவும் இராமையாவும் ஒன்பது வருடம் லயத்து வரிசையில் ஒரே காம்பராவில், ஒற்றை அறையில், இருந்தார்கள். இராமையா மேல் லயத்து ஜீவராணியோடு குடியேறிய பிறகு சாமான்களில் பாகம் கேட்டான்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. டிவி கார் பேட்டரியில்தான் ஓடியது. பதிவு இல்லாததால் கோர்ட்டுக்கும் போகவில்லை. தோட்டத் தலைவரே கோயில் வாசலில் வைத்துப் பிரித்தார். காம்பரா அங்கம்மாவின் பெயரில் இருந்தது, அது அவளுக்கு. கோழிகள் பாதிப் பாதி.

"டிவி யாரு வாங்குனது?"

"நான்தான்," என்றான் இராமையா.

"பேட்டரி?"

"என் சீட்டுக் காசு," என்றாள் அங்கம்மா.

"அப்ப அவுங்கவுங்க வாங்குனது அவுங்கவுங்களுக்கு."

கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். "நல்லாப் பிரிச்சீங்க தலைவரே. பொணம் அவருக்கு, உசிரு இவளுக்கு."

அங்கம்மா உடனே சம்மதித்தாள். ஜீவராணி அவன் தோளில் சாய்ந்து படம் பார்ப்பதை அவள் பலமுறை நினைத்துப் பார்த்திருந்தாள். இனி அது நடக்காது.

அந்த வாரமே ஜீவராணி வந்தாள்.

"அக்கா, பேட்டரியத் தாங்க. படம் முடிஞ்சதும் கொண்டாந்துடுறேன்."

"அது தனியா வராது. நானும் வருவேன்."

"வாங்களேன். யாரு வேணாம்னா?"

இந்தப் பதிலை அங்கம்மா எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு காலை கடையில் சார்ஜ் ஏற்றினாள். மத்தியானம் பேட்டரியைத் தலையில் சுமந்து மேல் லயத்துக்கு ஏறினாள். பாதி லயம் உள்ளே உட்கார்ந்திருந்தது. வயர்களை மாட்டிவிட்டு, இராமையாவுக்கும் ஜீவராணிக்கும் நடுவே போய் உட்கார்ந்தாள். ஜீவராணி சிரித்தபடி எழுந்து, அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

முன்பெல்லாம் படம் ஓடும்போது அங்கம்மா அடுப்படியில் இருப்பாள். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்ற வேண்டும்.

பாதிப் படத்தில் இராமையா எழுந்து உள்ளே போனான். தேத்தண்ணியோடு வந்து ஜீவராணியிடம் நீட்டினான்.

"சீனி போதுமா?" என்று கேட்டான்.

அங்கம்மா வயரைக் கழற்றினாள்.

"ஐயோ, படத்துல சண்டை நடக்குது!" என்று யாரோ கத்தினார்கள்.

"பேட்டரி எறங்கிருச்சு," என்றாள்.

"இன்னிக்குத்தானே ஏத்துன?" என்றான் இராமையா.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்."

அவள் தூக்கக் குனிந்தாள். ஜீவராணி அவனைப் பார்த்தாள். "நீங்க தூக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு வாங்க. அக்கா பாவம்."

'பாவம்' அங்கம்மாவைச் சுட்டது. ஆனாலும் பேட்டரியை விட்டாள்.

ஒற்றையடிப் பாதை. அவள் முன்னால், சுமையோடு அவன் பின்னால்.

"வெரசா நட புள்ள. தோளு வலிக்குது."

"எனக்குக் காலு வலிக்குது."

பாதி வழியில் நின்றாள். செருப்பைக் கழற்றி, அதில் இல்லாத கல்லைத் தட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள். மேலே ஜீவராணி வாசலுக்கு வந்திருந்தாள்.

"என்னங்க, இன்னும் எவ்வளவு நேரம்?" அவள் குரலில் சிரிப்பு இல்லை.

அங்கம்மா மற்றச் செருப்பையும் கழற்றினாள்.