உள்ளே மடித்த துணி

...பிரித்துவிடலாம், லாரி வருவதற்குள் மடிப்பையெல்லாம் பிரித்துவிடலாம்... மேற்பார்வையாளர் அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பச்சைக் கால்சட்டையைத் தலைகீழாகப் பிடித்து உதறி, "என்னம்மா இது, காலோரத்துல இவ்வளவு துணிய உள்ள மடிச்சு வெச்சிருக்க? பட்டாளத்துக்காரன் என்ன, அடுத்த வருஷம் வளந்துடுவானா?" என்றபோது தையல் கூடமே சிரித்தது, அவளும் சேர்ந்து அசடு வழிந்தாள், வேறென்ன செய்வது? வேண்டுமென்றா செய்தாள், பழக்கதோஷம். கல்யாணமான நாளிலிருந்து இதே மிஷினில் பள்ளிக்கூட உடுப்பு தைத்த கை, பிள்ளைகள் வளர வளர அம்மாக்கள் பிரித்து இறக்கிக்கொள்ளட்டும் என்று ஓரத்தில் தாராளமாக மடிப்பு விட்டே பழகிய கை, இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஆர்டர் கிடையாது, அரசாங்கம் வாங்குவதெல்லாம் பட்டாளத்துக்குத்தான் என்று அந்தக் கைக்கு யார் போய்ச் சொல்வது? "லாரி வர்றதுக்குள்ள மொத்தக் கட்டையும் பிரிச்சுத் தச்சுடு. இல்லேன்னா நாளைக்கு வராத."

வராதே என்றால்? அடுப்பு எரிவது இவள் ஓவர்டைமில்தான், அதைப் பொய்யென்று சொல்ல முடியுமா, ரேடியோக்காரன்கூட வேலை பெருகிவிட்டது, நாடு முன்னேறுகிறது என்கிறான், பெருகித்தான் இருக்கிறது, இந்தக் கூடத்தில்... வீட்டுக்காரர் கொத்தனார், அவர் கட்டிய ஆஸ்பத்திரி ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது, சிமெண்டெல்லாம் பட்டாள முகாமுக்குப் போய்விட்டதாம். "அப்ப முகாமுக்கே போய்க் கட்டுங்களேன்." "அங்க அவங்க ஆளுங்களே கட்டிக்கிறாங்களாம். நீ பட்டாளத்துக்குத் தைக்கிற, நான் வீட்டைக் காவல் காக்கறேன், குடும்பமே ராணுவம்தான் போ!" சிரித்துவிட்டுச் சுவரைப் பார்ப்பார். அந்தச் சுவர்தான் பயமாக இருக்கிறது. பையன் வேறு, கணக்கு வாத்தியார் போனதிலிருந்து அவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, "சும்மாதாம்மா உக்காந்துட்டு வர்றோம்," என்றவன், முந்தாநாள் சாப்பிடும்போது, "பட்டாளத்துல வயிறு நிறையப் போடுவாங்களாம்மா?" என்றான். சும்மா கேட்டானா? ஏன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்?

பிரி, யோசிக்காதே, பிரி... பிளேடு சரசரவென்று ஓடியது, நூல் மடியில் உதிர்ந்தது, ஓரத்தைச் சின்னதாக மடித்து மிஷினில் ஓட்டினாள், கட்டு இளைத்துக்கொண்டே வந்தது, அடியில் கிடந்ததை எடுத்தவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதையும் நாமா தைத்தோம்? பக்கத்தில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவளிடம், "ஏன்டி, இவ்ளோ சின்ன அளவு யாருக்கு?"

"தெரியாதாக்கா? ஆள் பத்தலையாம். சேக்கிற வயசைக் குறைச்சுட்டாங்க."

தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். காலையில் கொடியில் போடுமுன் இப்படி வைத்துப் பார்த்த பையனுடைய கால்சட்டை இவள் கணுக்காலுக்கு மேல் எங்கே நின்றதோ, அதே இடத்தில் வந்து இதுவும் நின்றது. வெளியே லாரி ஹாரன் அடித்தது. "ஆச்சாம்மா?" என்றார் மேற்பார்வையாளர். "ஆச்சுங்க, இதோ, இது ஒண்ணுதான்," என்றாள், பிளேடு மடிப்பின் மேல் வந்து நின்றுவிட்டது, நகரு என்றால் நகரவில்லை... இதைப் போடப்போகிறவன் அடுத்த வருஷம் வளர்வானே.