பாயின் கீழ் காரீயம்

உள்நாட்டுக் கனிமங்களைப் பெருக்கச் சட்டம் வந்த வருடம், இலங்கை மலைநாட்டில் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆண்டியப்பன் தூங்கிய பாயின் கீழே காரீயம் ஊறியது. பென்சிலுக்குள் இருக்கிற அதே கரிய சாமான். காலையில் பாயைச் சுருட்டிய அவன் பெண்சாதி வேலாயி, அடுப்புக்கரி என்று நினைத்துக் கூட்டினாள். கூட்டக் கூட்ட மினுங்கியது. மறுநாள் விரல் உயரத்துக்குக் கிடந்தது. "படுத்தா மனுசனுக்கு வேர்க்கும். ஒங்களுக்கு இதா?" என்றாள். வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்துவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் ஆண்டியப்பன் கால் தானாக மலைக்கு ஏறிவிடும்.

கொழும்பிலிருந்து வந்த கனிம அதிகாரி, லயத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றையறைக் காம்பிராவைத் தோண்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆண்டியப்பனை அடுத்த காம்பிராவில் படுக்க வைத்தார். அங்கே ஊறியது. காரீயம் எடுக்கிறவர்களுக்கு எல்லாச் சலுகையும் உண்டு, ஆனால் காரீய ஊற்று எதுவும் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்றது சட்டம். ஊற்று மனுசனாக இருந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை. கங்காணி சின்னராசா வந்து சொன்னான்: "இனிமே மலைக்கி வராதடா. தப்பு அடிச்சா படுத்துக்க. தூங்குனா முழு நாள் பேரு, முழுச் சம்பளம். முழிச்சிருந்தா அரப்பேரு. ஒனக்கு வந்த வாழ்வப் பாரு."

தூக்கம் வரவில்லை. தப்பு அடித்ததும் கால்கள் பாயை உதைத்தன. நானுஓயாவில் படுக்க வைத்தார்கள், கீழே கினிகத்தேனையில் படுக்க வைத்தார்கள். காரீயமும் தேயிலை மாதிரிதான், உயரத்தில் தரம் கூடியது, பள்ளத்தில் சொரசொரத்தது. திரும்ப ராகலைக்கே கொண்டுவந்தார்கள். சில வருடங்களில் உடம்பு தோற்றுப்போனது. தப்பு அடித்தால் கண் சொருகியது, மற்ற நேரமெல்லாம் இமை ஒட்டவில்லை. லயத்து வாசலில் பகலும் இரவும் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

அப்பன் இங்கேதான் பிறந்தான் என்று காட்ட முடியாததால் அவர்களுடைய பிரஜாவுரிமை மனு ஏற்கெனவே தள்ளுபடியாகியிருந்தது. அறுபத்திரண்டாம் வருடம் அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. நானுஓயாவில் கட்டிக் கொடுத்திருந்த ஒரே மகள் மீனம்மா நிறைமாசம். பிள்ளைப்பேறு பார்த்துவிட்டுப் போகிறோம் என்று வேலாயி கெஞ்சினாள். தவணை கிடைக்கவில்லை.

கப்பலேறும் தலைமன்னாரில் இரண்டு அதிகாரிகள் முட்டிக்கொண்டார்கள். ஆள் போக வேண்டும் என்றார் ஒருவர். ஊற்று போகக் கூடாது என்றார் கனிம அதிகாரி. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்: கப்பல் தட்டில் தூங்கட்டும், ஊறினால் ஊற்று, ஊறாவிட்டால் வெறும் ஆள்.

"ஐயா, ஊறுற சாமான் இந்த நாட்டுதுன்னா, ஊற வைக்கிறவரு எந்த நாட்டுக்காரரு?" என்று வேலாயி கேட்டாள்.

"அது எங்கட பகுதி இல்லை அம்மா" என்றார் கனிம அதிகாரி.

உச்சி வெயிலில் ஆண்டியப்பன் புரண்டு புரண்டு படுத்தான். கப்பல் ஊதியது. வேலாயி மூட்டையை அவிழ்த்துச் சோற்றுப் பானையைக் கவிழ்த்தாள், அகப்பையால் அதன்மேல் பெரட்டுத் தப்பின் அடியைத் தட்டினாள். கப்பலில் இருந்த தோட்டத்து ஆட்கள் எல்லோரும் சட்டென்று எழுந்து, வேட்டியையும் சேலையையும் இழுத்துச் செருகி, ஏறுவதற்கு மலையைத் தேடினார்கள். ஆண்டியப்பன் மட்டும் வாயைப் பிளந்து தூங்கினான். காரீயம் தட்டில் பரவியது, மாலுமி ஒருவன் வழுக்கி விழுந்தான், கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது.

அவனை ஊற்று என்று பதிந்தார்கள். பெண்சாதி போகலாம் என்றார்கள். "அவ தட்டாட்டி நான் ஊறமாட்டேங்க" என்றான் ஆண்டியப்பன். யோசித்துப் பார்த்து, வேலாயியை உற்பத்திக்கு வேண்டிய கருவி என்று பதிந்தார்கள். "மம்பட்டி மாதிரியா? சரி" என்று அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மற்றவர்கள் இன்னும் நின்றபடியே இருந்தார்கள். கப்பல் அவர்களோடு போனது.

பேரன் பிறந்த மறுநாள் காலை வேலாயி அவனைத் தூக்கி, அடியில் விரித்திருந்த துணியைப் பார்த்தாள். ஈரத்தின் நடுவே ஒரு சிட்டிகை கருப்பு மினுங்கியது. விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இவன் இந்த நாட்டுலயே இருந்துக்கிருவான்" என்று மீனம்மாவிடம் சொல்லிவிட்டு, துணியை அலசத் தண்ணீர்ப் பீலிக்குப் போனாள்.