கேம் இல்லாத பெட்டி

அந்த வீடியோ கேம் பெட்டி கடைக்கு வந்த முதல் நாள், பஸ் ஓட்டுநரான அப்பா வேலை முடித்த கையோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வரிசையில் போய் நின்றார். மத்தியானம் பெட்டியும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிரித்தோம். ஒயர் இருந்தது, கன்ட்ரோலர் ஒன்று இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே காலி. கேம் சிடியைத் தனியாக வாங்க வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. ரேடியோ வாங்கினால் பாட்டும் வந்துவிடுகிறதே, அதுபோல என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

"அப்பா, இதுல..." என்று தம்பி வாயைத் திறந்தான். அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அப்பாவின் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைப் போட்டு உடைக்க எனக்கு மனசு வரவில்லை.

சிடி இல்லாமல் போட்டால் ஒரு இசை வரும். இன்றைக்கும் அதைக் கேட்டால் எனக்குப் பத்து வயதாகிவிடும். பிறகு நீலத் திரையில் இரண்டே வரியில் ஒரு பட்டியல். பட்டனைத் தட்டினால் அம்புக்குறி மேலே போகும், கீழே வரும். அவ்வளவுதான். அப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் நான் அம்புக்குறியை விரட்டு விரட்டென்று விரட்டுவேன். தம்பி, "விடாதக்கா, விடாத!" என்று குதிப்பான்.

"யாருப்பா ஜெயிச்சது?" என்பார் அப்பா.

"நான்தாம்பா!" கன்ட்ரோலர் என் கையில் இருந்தாலும் ஜெயிப்பது எப்போதும் அவன்தான், திருட்டுப் பயல். அப்பா கை தட்டுவார்.

ஒரு மாதம் இப்படியே ஓட்டினோம். அப்புறம் ஒருநாள் அப்பா கார் பந்தய கேம் ஒன்றோடு வந்து, "கடையில சும்மா குடுத்தாங்க" என்றார். தப்பித்தோம்டா சாமி என்று இருந்தது.

போன வாரம் அதே பெட்டியைச் சின்னதாக்கி மறுபடி விற்பனைக்கு விட்டார்கள். இப்போது தொப்பையும் வழுக்கையுமாக இருக்கும் தம்பி முதல் ஆளாக வாங்கிவந்து அப்பாவின் டிவியில் மாட்டினான். அப்பா எட்டிப் பார்த்தார்.

"இதுலயாவது கேம் உள்ளயே இருக்கா? இல்ல, மறுபடி நான் ஒரு மாசம் ரெண்டு ஷிஃப்ட் ஓட்டணுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்பா! உங்களுக்குத் தெரியுமா?"

"மறுநாளே பஸ்ல வந்த ஒருத்தர் பேச்சுவாக்குல சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏம்பா எங்கள ஒண்ணும் கேக்கல?"

"எனக்காக ரெண்டு பேரும் அவ்ளோ நல்லா நடிச்சீங்க. அதைக் கெடுக்க மனசு வரலம்மா."

தம்பி எந்த கேமையும் திறக்கவில்லை. பட்டியலில் அம்புக்குறியை மேலும் கீழும் விரட்ட ஆரம்பித்தான். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"யாருப்பா ஜெயிச்சது?" என்றார்.

தம்பி வாயைத் திறப்பதற்குள் நான் கத்தினேன். "நான்தாம்பா!"