டோர்ன்வால் இழுத்துக்கொண்ட ‘வாரேன்’

பழைய வேக்குவம் கிளீனர்கள் தூசியோடு பேச்சையும் இழுத்துக்கொள்ளும். இப்போது வரும் பிளாஸ்டிக் மாடல்களுக்கு அந்தத் தெம்பு கிடையாது. இரும்பு உருளையும் துணிப்பையும் உள்ள அந்தக் காலத்து உருப்படிகள்தான் இழுக்கும். கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் என் கடைக்கு வருபவற்றில் பாதி, பேச்சு அடைத்துக்கொண்டு வருபவைதான். போன மாதம் ஒரு பல் டாக்டர் வீட்டு கிளீனரிலிருந்து முழு வாய்ச்சண்டை ஒன்றை உதறி எடுத்தேன். அதற்குள் அவர்கள் வீட்டில் ராசியாகிவிட்டதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாக்கில் கட்டி ஷட்டர் ஓரமாக வைத்திருக்கிறேன்.

இதில் ரிப்பேர் பெரிய விஷயமே இல்லை. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கும், மாற்றினால் ஓடும். எந்த மாடல் என்று கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. நேம் பிளேட் எப்போதோ உதிர்ந்து போயிருக்கும். பெயிண்டைப் பார்த்து, திருகைப் பார்த்து, தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் யாரும் சொல்வதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்று காலை சிங்காநல்லூரிலிருந்து வசந்தாமணி என்ற அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். பழைய வேட்டியில் சுற்றிய ஒன்றை மேஜைமேல் வைத்தார். வேட்டியை விலக்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பச்சை இரும்பு உடம்பு. அடியில் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கம்பிகள். டோர்ன்வால் கம்பெனி கிளீனர். இத்தனை வருஷத்தில் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

“இதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் சொன்ன ‘வாரேன்’ போயிருச்சுங்க” என்றார் அவர்.

நடந்தது இதுதான். அவர் மகளுக்கு அன்று சாயங்காலம் நிச்சயதார்த்தம். வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்று பரணில் கிடந்த இதை இறக்கி ஓட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கணவர் அவிநாசியப்பன் பூ வாங்கக் கிளம்பி, வாசலில் நின்று “போயிட்டு வாரேன்” என்றிருக்கிறார். ‘போயிட்டு’ அம்மாவின் காதில் விழுந்தது. ‘வாரேன்’ குழாய்க்குள் போய்விட்டது.

நம் ஆட்கள் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்க மாட்டோம். ‘வாரேன்’ இல்லாமல் போன மனிதர் எப்படி வருவார்? கேட் வரைக்கும் வருகிறார். அதற்கு மேல் கால் தானாகத் திரும்பிக்கொள்கிறது. இப்போது வீட்டுக்கு எதிர் பேக்கரியில் உட்கார்ந்திருக்கிறார்.

“இன்னொருக்கா சொல்லிப் பார்க்கச் சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

“சொன்னாருங்க. ஆனா பேக்கரியில நின்னு சொன்னா அது பேக்கரிக்குத்தானுங்களே செல்லும். எங்க போனாலும் திரும்ப அங்கயே வந்து உக்காந்துக்கறார்.”

அதுவும் நியாயம்தான்.

“மாப்பிள்ளை வீட்டுல ரொம்பக் கறாருங்க. தட்டு மாத்தறப்ப பொண்ணோட அப்பா வீட்டுக்குள்ள இல்லீன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க. புள்ள காலைல இருந்து அழுதுட்டே இருக்கறா. எப்படியாவது எடுத்துக் குடுத்துருங்க.”

பழைய கிளீனர்களில் ஒரு வசதி உண்டு. குழாயை முன்வாயில் மாட்டினால் இழுக்கும், கழற்றிப் பின்வாயில் மாட்டினால் ஊதும். போன சொல்லை அப்படித்தான் வெளியே எடுக்க வேண்டும். ஆனால் டோர்ன்வாலில் நாலு என்று ஒரு மாடல், நாலு-ஏ என்று ஒரு மாடல். பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். நாலில் கடைசியாகப் போன பேச்சு முதலில் வரும். நாலு-ஏ-வில் உள்ளே காற்று சுழல்வதால் முதலில் போனதுதான் முதலில் வரும். மூடியின் கொக்கியைப் போட்டுப் பார்த்தால் நாலு ‘டக்’ என்னும். நாலு-ஏ ‘டொக்’ என்னும். போட்டுப் பார்த்தேன். டக். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை போட்டேன். சந்தேகமே இல்லை, டக்.

“நாலுங்க” என்றேன். சந்தோஷத்தில் என் குரல் கீச்சென்று வந்தது.

மோட்டாரைப் பிரித்தேன். பேரிங் கல் மாதிரி உறுதியாக இருந்தது. கார்பன் இரண்டும் தேய்ந்து நெல் அளவுக்கு ஆகியிருந்தன. இருந்ததில் அளவான ஜோடி ஒன்றை ராவிப் போட்டேன். சொல்லை அந்த வீட்டு வாசலில் வைத்து ஊதினால்தான் ஆளைப் போய்ச் சேரும் என்பதால் அதே ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே போனேன்.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எதிர்ப்புறம் பேக்கரியில் அவிநாசியப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை, புது வேட்டி. எங்களைப் பார்த்ததும் கை காட்டினார். குழாயைப் பின்வாயில் மாட்டிக் கேட்டைப் பார்த்துத் திருப்பி ஸ்விட்சைப் போட்டேன். டோர்ன்வால் கும்மென்று எடுத்தது. அப்படி ஒரு சத்தம், உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. கொஞ்சம் தூசி வந்தது. பின்னால் தெளிவாக, கணீரென்று வந்தது: “வாரேன்.”

“அவரு குரலேதானுங்க” என்றார் வசந்தாமணி.

அவிநாசியப்பன் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தார். தெருமுனையில் திரும்பி, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வேகமாக நடந்து வந்தார். அரைக்கைச் சட்டை. கையில் நூல் சுற்றிய பொட்டலம். கேட்டைத் திறந்து உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் கால் கழுவினார்.

வசந்தாமணி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். “மாமாங்க, வீட்டுக்காரரோட அப்பா. போட்டோவுல பார்த்த அதே மொகம்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். “இதை மில் பங்களா ஏலத்துல எடுத்தவரு இவருதானுங்க. எங்க வீட்டுக்காரருக்கு அப்ப அஞ்சு வயசாம். எடுத்த அன்னிக்கு இதை ஓட விட்டுட்டே வெளிய போனவரு வரலீங்க. திருப்பூர்ல வேற குடும்பம் இருக்குதுன்னு ஊரெல்லாம் பேச்சு.” சொல்லிவிட்டு அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.

‘வாரேன்’ இல்லாமல் வெளியே நிற்பவர்களுக்கு வயது ஏறாது என்பது தெரிந்ததுதான். எனக்கு உறைத்தது வேறு. முதலில் போன சொல்தான் முதலில் வந்திருக்கிறது. இது நாலு அல்ல, நாலு-ஏ. அதுவும் ‘டக்’ என்கிற நாலு-ஏ. அப்படி ஒன்று இருப்பதாக யாருக்குமே தெரியாது. ஆனந்தத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

அப்போது பார்த்துப் பொறி பறந்து மோட்டார் நின்றது. ஒரு கார்பன் பொடிந்திருந்தது. தெருவில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கித் தட்டுகளோடு உள்ளே போய் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, “பொண்ணோட அப்பா எங்கீங்க?” என்று கேட்டது வாசல் வரை கேட்டது. கல்யாணப்பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சமையலறைக்கு ஓடினேன். மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்டிருந்தது. மிக்ஸியைக் கவிழ்த்து அதன் மோட்டார் கார்பனைக் கழற்றி, சுவரில் தேய்த்துத் தேய்த்துச் சின்னதாக்கிக் கொண்டுவந்து போட்டேன்.

இரண்டாவது ‘வாரேன்’ தெருவைத் தாண்டிப் போனது. அவிநாசியப்பன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கேட்டுக்கு உள்ளே வலது காலை வைத்தார். கால் திரும்பவில்லை. ஜன்னலில் நின்ற பெண் வாய்விட்டு அழுதாள். வசந்தாமணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் ஒருவர் வருகிறாரே என்று அரைக்கைச் சட்டைக்காரர் வாசலுக்கு வந்தார்.

“வாங்ணா, உள்ள வாங்க” என்றார். “ஏனுங்ணா, வர்ற வழியில என்ற பையனைப் பாத்தீங்களா? அவிநாசின்னு பேரு.”

“நாந்தானுங்கப்பா.”

அவர் மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“அப்படியா கண்ணு” என்று கையிலிருந்த பொட்டலத்தைக் கொடுத்தார். “இந்தா, போண்டா. சூடாறதுக்குள்ள தின்னு.”

அவிநாசியப்பன் படியில் உட்கார்ந்து நூலைப் பிரித்தார். ஆவி பறந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். அவருடைய அப்பா உள்ளே திரும்பி, ஜமுக்காளத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்.

“கொஞ்சம் பொறுங்க. பையன் தின்னுட்டு வந்துருவான்.”

“அவசரமில்லீங்க, மெதுவாத் திங்கட்டும்” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. “விக்கப் போகுது, பையனுக்குத் தண்ணி குடுங்க.”