நெய்க்கு மட்டும் வளைந்த சாஸ்திரம்

செல்லப்பா செத்துப்போனவர் என்பதில் கோவிலை நடத்தும் பிராமண சமூகத்துக்குச் சந்தேகமே கிடையாது. காணாமல் போனவன் பன்னிரண்டு வருஷம் திரும்பாவிட்டால் தர்ப்பையில் பொம்மை செய்து கொளுத்த வேண்டும் என்று பொஸ்தகம் சொல்கிறது; போன வருஷம் கொளுத்தியாயிற்று. எமர்ஜென்சி முடிந்த அந்தக் கோடையில் மனுஷர் பம்பாயிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து கொச்சி மட்டாஞ்சேரித் தெருவில் நின்றால் யார் என்ன செய்ய முடியும்?

அவர் பெண்டாட்டி பாக்கியலக்ஷ்மி கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. அசதிதான் வந்தது. "அவர் இருக்கார்னு எனக்குத் தோணறது" என்று பொம்மை கொளுத்தின அன்றைக்கு எவ்வளவோ கெஞ்சினாள். "தோணறதெல்லாம் பிரமாணமாகுமோ?" என்று வெங்கிடேஸ்வர சாஸ்திரிகள் தாலியைக் கழற்ற வைத்தார். அதற்கப்புறம் அவள் எதிரே வந்தால் சொந்த மன்னியே வழி மாறிப் போனாள். அது அவளுக்கு இன்னும் வலிக்கிறது.

இப்போது அதே சாஸ்திரிகள், சமூகத்துக் காரியதரிசி கல்யாணராமனோடு வாசலில் நின்றார்.

"இதுக்கும் விதி இருக்கு, பாக்கியம். நெய் நிறைஞ்ச அண்டாவில முக்கி எடுத்தா மறுஜன்மம். ஜாதகர்மம், நாமகரணம், பூணூல் எல்லாம் புதுசா நடக்கணும். பின்னே உன்னையே திரும்பக் கல்யாணம் பண்ணிக்கணும். அதுவரைக்கும் இவர் பிரேதமாக்கும். பச்சத் தண்ணி குடுக்கப்பிடாது."

"அண்டா நெய்க்கு எங்கே போறது?" என்றார் கல்யாணராமன்.

"தண்ணி ரொப்பி மேலே ரெண்டு கரண்டி விட்டாப் போறும். அதுக்கெல்லாம் சாஸ்திரத்தில எடமுண்டு."

பாக்கியலக்ஷ்மி சாஸ்திரிகளையே பார்த்தாள். நெய்க்கு இடமிருந்த சாஸ்திரத்தில் அவள் கழுத்துக்கு இடமில்லாமல் போயிருக்கிறது.

செல்லப்பா தொண்டையைச் செருமினார். எப்படி இருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தாள்.

"அவா சொல்றபடியே செஞ்சுடலாமே, பாக்கியம். எதுக்கு வம்பு?"

அவ்வளவுதான். அவள் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். சாஸ்திரிகள் "சிவ சிவா" என்று இரண்டடி பின்வாங்கினார். செல்லப்பா மடமடவென்று குடித்தார்.

"என்னைக்கு முக்கப் போறேள்?"

"ஞாயித்துக்கிழமை."

"அன்னைக்குத்தான் இவர் பொறக்கறார், இல்லையா?"

"அதே."

"அன்னைக்குப் பொறந்த குழந்தைக்கு நான் கழுத்தை நீட்ட மாட்டேன். பெத்தவா நீங்க, நீங்களே வளத்துக்கோங்கோ."

காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.