துடைத்த முகம்

என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அதே கடையின் மறுபாதியில் நான் பெயர்ப்பலகை எழுதுகிறேன். அவருக்கு ஒரு வியாதி. யார் முகம் வந்தாலும் கம்ப்யூட்டரில் ஏற்றி மரு, சுருக்கம், நரை எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். கேட்டால், "தெருவுக்கு நம்மாலான சேவை" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை எதிர்வீட்டுத் தையல்கார அக்கா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஞாபகமறதி உள்ள அவர் அப்பாவைக் காணவில்லை.

"அழாதீங்கக்கா, போன மாசம் எடுத்த போட்டோ இருக்கு" என்று இவர் மளமளவென்று நாற்பது போஸ்டர் அடித்தார். பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டினோம். மதியம் வரை ஒரு ஈ காக்கைகூட எட்டிப்பார்க்கவில்லை. அக்கா வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்து புலம்பினார்.

"மாத்திரைகூடப் போடலையே, எங்கயாவது மயங்கி விழுந்திருந்தா?"

அப்போதுதான் மிச்சமிருந்த போஸ்டரை நிதானமாகப் பார்த்தேன். வழவழ கன்னம், கருகரு முடி.

"இது யாருங்க?"

"அக்காவோட அப்பாதான்."

"அவருக்கு எண்பது வயசு. இவருக்கு இன்னும் மீசையே ஒழுங்கா முளைக்கல போலிருக்கே! ஒரிஜினல் எங்க?"

அவர் முகம் தொங்கிப்போனது. "அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

திட்டித் தீர்க்க நேரமில்லை. மார்க்கரையும் வெள்ளைப் பெயிண்டையும் எடுத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, நெற்றியில் மூன்று கோடு, இடது புருவத்தில் தழும்பு, ஒட்டிய கன்னம், தலை நிறைய நரை என்று அந்தப் போஸ்டர் மேலேயே வரைந்தேன். கண்ணைத் தொடவில்லை. அதை இவர் நன்றாகத்தான் எடுத்திருந்தார், பொய் சொல்லக்கூடாது.

மூவரும் ஓடினோம். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அட, இவரா? நீங்க ஒட்டிட்டுப் போன கையோட வந்தவரு, உங்க போஸ்டருக்குக் கீழதான் உக்காந்திருக்காரு! மூணாவது டீ ஓடுது."

அக்கா அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார், உடனே சிரித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பெரியவரோ நான் வரைந்ததை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு இந்தக் கெழவன்?"

பிறகு சுவரில் ஒட்டியிருந்த வழவழ போஸ்டரைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் நான்."

என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பதிலுக்கு நானும் முறைத்தேன்.

அக்கா மார்க்கர் படத்தை என் கையிலிருந்து வாங்கி, பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவரு அதையே வெச்சுக்கட்டும். எனக்கு எங்கப்பா இதுதான்."