நிழல் சதவீதம்

மர சர்வேயர் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னான்.

நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் திட்டப் பிரிவு. மேசை மேல் மாநில அரசு அனுப்பிய வழிகாட்டிப் புத்தகம் விரிந்து கிடந்தது. நகரத்தைப் பசுமையாக்கத் திட்டம் தயாரிக்க மானியம் தருகிறார்கள். நாற்பது நகரங்கள் போட்டி போடுகின்றன, ஐந்துக்குத்தான் கிடைக்கும். நூறு மார்க்கில் இருபது, மர நிழல் ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வார்டு ஒன்றாவது இருக்கிற நகரத்துக்கு. இவர்கள் நகரத்தில் ஆக மோசமான வார்டிலேயே ஐந்தே முக்கால் இருந்தது.

"அந்த வார்டுல வெறும் கட்டடமும் தாருமா கெடக்கு. அஞ்சே முக்கால் எங்கிருந்து வருது?" என்று திட்ட அதிகாரி கேட்டார். ஐம்பதை நெருங்கிய பெண்மணி. மொத்த அலுவலகமும் அவரை மேடம் என்றுதான் அழைக்கும். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார்.

"டிப்போ ரோட்டுல பதினோரு தூங்குமூஞ்சி மரம் இருக்கு மேடம். ஒவ்வொண்ணும் தெருவையே மூடி நிக்கும். அது மட்டும் இல்லன்னா நாம இருபதையும் அள்ளிடலாம்" என்று சொல்லிவிட்டு சர்வேயர் சிரித்தான்.

மேடம் சிரிக்கவில்லை. "அந்த மரங்களுக்கு ஹெல்த் ரிப்போர்ட் குடுக்கறது யாரு?"

"நான்தான்."

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"போன வருஷம். எல்லாமே நல்லா..."

"வயசான மரங்க. ஒரு வருஷத்துல என்னென்னவோ ஆகியிருக்கும். மறுபடி ஒரு தடவ பார்த்துட்டு வந்துடுங்க." பக்கத்தைப் புரட்டிவிட்டு, வேறு ஏதோ விஷயம்போலத் தொடர்ந்தார். "மானியம் வந்தா திட்டக் குழுவுல ஒரு நிரந்தரப் பதவி இருக்கு. உங்க பேரைத்தான் எழுதலாம்னு இருக்கேன்."

ஒன்பது வருடமாக அவன் ஒப்பந்த ஊழியன். ஒவ்வொரு வருடக் கடைசியிலும், அடுத்த வருடம் தன் நாற்காலி இருக்குமா என்று மேடத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவன். "சரி மேடம்" என்றான்.

டிப்போ ரோட்டின் மூன்றாவது மரத்தடியில் அவனுடைய அக்கா பதினெட்டு வருடமாகத் தையல் மெஷின் போட்டிருந்தாள். அறுந்த பை, பிய்ந்த வார், பல் போன ஜிப், எது வந்தாலும் நிமிடத்தில் சரிசெய்து கொடுப்பாள். அந்த வட்டாரத்துக்கே அவள் ஜிப்பக்கா. புருஷன் போன பிறகு, ஒரு மகளையும் இந்தத் தம்பியையும் அந்த மெஷினை மிதித்தே கரையேற்றினாள். தம்பி டிப்ளமா முடித்தான். மகள் நர்சிங்கில் கடைசி வருடம்.

மறுநாள் காலை அவன் மரச் சுத்தியலோடு போனான். ஒவ்வொரு மரமாகத் தட்டினான். பொந்து விழுந்த மரம் தட்டினால் காலிப் பெட்டி மாதிரி ஓசை தரும். இவை எல்லாமே கெட்டியாக ஒலித்தன. மூன்றாவது மரத்துக்கு வந்தபோது அக்கா மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னடா, டாக்டர் மாதிரி தட்டிப் பாக்கற? என்ன வியாதியாம்?"

அவளைப் பார்க்காமல் சொன்னான். "உள்ள பொந்து விழுந்திருக்குக்கா. காத்து மழைன்னு வந்தா உன் தலைமேலதான் சாயும்."

"இதுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும்தான்."

"பதினொண்ணும் பேசி வச்சுக்கிட்டா பொந்து விழுந்துச்சு?"

"எல்லாம் ஒரே வயசுக்கா."

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு "சரி, வெயில்ல நிக்காத, போ" என்று மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

வெட்டப்போவதாக நோட்டீஸ் ஒட்டியதும் தெரு கொதித்தது. எதிரே டயர் கடை வைத்திருந்தவர் மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். ஜிப்பக்காவிடம் வந்தபோது அவள் பேனாவைத் தொடவில்லை.

"என் தம்பி பார்த்துட்டுத்தான் சொல்றான். அவன் படிச்சதே அதுக்குத்தான். நாளைக்கு ஒரு கிளை ஒடிஞ்சு ஸ்கூல் புள்ளைங்க மேல விழுந்தா நீங்களா பதில் சொல்வீங்க?"

மரத்தடியில் இருப்பவளே இப்படிச் சொன்ன பிறகு மற்றவர்களுக்கு என்ன? கையெழுத்துப் போட்டவர்கள்கூட ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். மனு டயர் கடை மேசையிலேயே கிடந்து மக்கியது.

மின்ரம்பங்கள் இரண்டு நாள் ஓடின. மூன்றாம் நாள் தெரு மொட்டையடித்ததுபோல் இருந்தது. அடிமரங்களின் வெட்டுமுகம் வெண்ணெய் நிறத்தில், ஓர் ஓட்டைகூட இல்லாமல், ஈரத்தோடு பளபளத்தது.

"எங்கப்பா உன் பொந்து?" என்று டயர் கடைக்காரர் கேட்டார்.

"வேர்ப் பக்கம் இருக்குங்க. மேல தெரியாது."

"அவனுக்குத் தெரியாதா? விடுங்கண்ணே" என்றாள் அக்கா. அறுத்த மரத்தின் மீது உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு மெஷினை இழுத்துப் பழைய இடத்திலேயே போட்டாள்.

அடுத்த மாதம் வானிலிருந்து எடுத்த படம் வந்தது. அந்த வார்டின் நிழல் நாலே கால் சதவீதம்.

கோடை வந்தது. அக்கா நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டாள். நடைபாதை ஆக்கிரமிப்பு என்று நகராட்சி ஆட்களே பிடுங்கிப் போட்டார்கள். அவன் பெரிய குடை ஒன்று வாங்கிக் கொடுத்தான். பஸ்கள் கிளப்பும் காற்றில் மூன்றே நாளில் கம்பி ஒடிந்தது.

"ரெண்டு மாசம் வீட்டுல இரு அக்கா" என்று கெஞ்சினான்.

"வீட்டுல உக்காந்தா பையத் தூக்கிக்கிட்டு யாருடா மூணு மாடி ஏறி வருவா? எனக்கு ஒண்ணும் ஆகாது. உன் வேலையப் பாரு."

"டிப்போக்குள்ளயாவது ஒரு ஓரமா..."

"இந்த இடத்த விட்டு நகர மாட்டேன்." அவ்வளவு கண்டிப்பாக அவள் எதையும் சொல்லி அவன் கேட்டதில்லை. தலைக்கு ஈரத் துணி சுற்றிக்கொண்டு தைத்தாள். துணி கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். மறுபடி நனைப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டரைக்கு, தைத்துக்கொண்டிருந்த பள்ளிப் பையின் மீதே கவிழ்ந்து விழுந்தாள். டயர் கடைக்காரர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் அன்று பயிற்சிக்கு நின்றிருந்தவர்களில் அவளுடைய மகளும் ஒருத்தி. வந்திருப்பது யார் என்று தெரிந்தபோது தெர்மாமீட்டர் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. அம்மாவின் அக்குளிலும் கழுத்திலும் அவளே ஐஸ் கட்டி வைத்தாள். மறுநாள் காலை வரைக்கும் வைத்துக்கொண்டே இருந்தாள். அக்கா கண் திறக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து மேடம் துக்கம் விசாரிக்க வந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கியது பொய்யில்லை. அவன் படிக்கட்டு வரை வழியனுப்ப வந்தபோது, இரண்டு படி இறங்கித் திரும்பினார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. விண்ணப்பத்துல ஏழாம் பகுதி இன்னும் காலியாவே இருக்கு. வெயிலால பாதிக்கப்பட்டவங்க. நிஜமான சம்பவம் ஒண்ணு இருந்தா பத்து மார்க்."

அவன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க எழுதினா மனசத் தொடும். வெளியாள எழுதச் சொன்னா அந்த உருக்கம் வராது. வீட்டுல ஒருத்தர் சம்மதக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"

வியாழக்கிழமை மதியம் எழுதினான். 'நிழலற்ற வீதியில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பெண்மணி' என்று தொடங்கினான். அழித்தான். வேறு எப்படித் தொடங்கினாலும் மரங்கள் உள்ளே வந்தன. மறுபடி அதையே எழுதினான். ஒரு பக்கம் முடிந்ததும் மேடம் படித்துப் பார்த்து ஒரே ஒரு சொல்லை மாற்றினார். "செத்துப்போனார்னு வேண்டாம். உயிரிழந்தார்னு போடுங்க."

படிவத்தை அக்கா மகளிடம் கொண்டுபோனான். அவள் துவைத்த யூனிஃபார்மை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாவப் பத்தி நல்லதா எழுதியிருக்கீங்களா மாமா?"

"எழுதியிருக்கேன் குட்டி."

"மரம் வைப்பாங்களா?"

"வைப்பாங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

நாற்பது நகரங்களில் இவர்கள் நகரம் இரண்டாவதாக வந்தது. நகராட்சித் தலைவர் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். 'ஏழாம் பகுதி நெஞ்சை உலுக்குகிறது' என்று தேர்வுக் குழு எழுதியிருந்த வரியை மேடம் சத்தமாகப் படித்தார். மாதக் கடைசியில் அவனுக்கு நிரந்தர நியமன ஆணை வந்தது.

அந்த மானியம் திட்டம் போடுவதற்கு மட்டும்தான். ஒரு கன்றுகூட அதில் நட முடியாது. ஒன்றரை வருடம் வரைபடம் வரைந்தார்கள், கூட்டம் கூட்டினார்கள், எந்தத் தெருவுக்கு எந்த மரம் என்று பட்டியல் போட்டார்கள். இதற்கிடையில் டிப்போ ரோட்டில் அடிமரங்களைத் தோண்டி எடுத்த குழிகளிலேயே மின்வாரியம் கேபிள் பதித்துவிட்டது. குழி தயாராக இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. கேபிள் மேல் மரம் வைக்கக் கூடாது என்பது விதி. அந்தத் தெருவை வரைபடத்தில் சாம்பல் நிறமாக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் அவனே ஆக்கினான்.

திட்டத்தைப் பொதுமக்கள் முன் வைக்கும் கூட்டம் நகராட்சி அரங்கில் ஒரு காலையில் நடந்தது. அரங்கின் பின்பக்க மேசையில் திட்டப் புத்தகங்கள் அடுக்கியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். புத்தகத்தின் கடைசியில் பழைய விண்ணப்பமும், வெட்டிய மரங்களின் ஆய்வறிக்கையும் இணைப்பாக இருந்தன. அறிவிப்பைப் பார்த்துவிட்டு அக்கா மகள் வந்திருந்தாள். இப்போது அவள் அதே மருத்துவமனையில் நர்ஸ். கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடம் பேசி முடிக்கும்வரை தலை நிமிராமல் படித்தாள்.

தேநீர் இடைவேளையில் தாழ்வாரத்தில் அவன் முன்னால் வந்து நின்றாள். புத்தகத்துக்குள் ஒரு விரலை அடையாளமாக வைத்திருந்தாள்.

"பதினெட்டு வருஷம் நிழலே இல்லாத தெருவா மாமா?"

"அது... அப்ளிகேஷன் எழுதற பாஷை குட்டி."

"மூணாவது மரம். 'உட்பகுதி முழுவதும் சிதைந்துள்ளது.' கீழ உங்க கையெழுத்து."

டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தான். "அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாளேன்னுதான் நான்..."

"அம்மாவுக்குத் தெரியும்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"வெட்டுன அன்னிக்கே சாயங்காலம் வந்து சொன்னாங்க. 'கைய வச்சுப் பார்த்தேன், பாறை மாதிரி இருக்கு. அவனுக்கு ஏதோ ஆகவேண்டியிருக்கு, அதான் பொய் சொல்றான். நீ கேட்டுடாத, கூனிக் குறுகிப் போயிடுவான்'னு. நானும் கேக்கல. வேற இடத்துல மெஷினப் போடும்மான்னு தினமும் சண்டை போட்டேன். 'நான் எந்திரிச்சுப் போனா, அது அவன் பண்ணதாலதான்னு தெருவே பேசும்'னாங்க. அதுக்காகத்தான் அங்கயே உக்காந்திருந்தாங்க."

"குட்டி, என்னை ரெண்டு அறை அறைஞ்சிடு."

"எதுக்கு? உங்களுக்கு மனசு லேசாகவா?"

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். அவள் குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை.

"அன்னிக்கு அம்மாவுக்கு ஒடம்புச் சூடு நாப்பத்திரண்டு டிகிரி. நான்தான் பார்த்தேன். அதையும் எழுதியிருக்கலாமே மாமா, ரெண்டு மார்க் கூட வந்திருக்கும்." புத்தகத்திலிருந்து விரலை எடுத்தாள். "இனிமே வீட்டுப் பக்கம் வராதீங்க. நான் செத்தாலும் வராதீங்க. அதையும் எழுதிடுவீங்க."

உள்ளே போய்ப் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள். அவன் பின்னால் போகவில்லை. போக நினைத்தானா என்பதுகூட அவனுக்கு நிச்சயமில்லை.

"என்ன இங்க நிக்கறீங்க? அடுத்தது நீங்கதான்" என்று மேடம் அரங்க வாசலிலிருந்து கூப்பிட்டார். அவன் முகத்தைப் பார்த்தவர் பக்கத்தில் வந்து, "தண்ணி வேணுமா?" என்று பரிவோடு கேட்டார்.

"வேண்டாம் மேடம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடையேறினான். இருபது நிமிடம் பேசினான். எங்கும் தடுமாறவில்லை. எந்தத் தெருவில் எத்தனை மரம், எந்த வருடம், எவ்வளவு வெப்பம் குறையும் என்று வரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் எழுந்து, டிப்போ ரோடு மட்டும் ஏன் சாம்பலாக இருக்கிறது என்று கேட்டார்.

"அங்க நிலத்தடி கேபிள் இருக்குங்க. மரம் வளர்க்கத் தகுதியில்லாத தெரு" என்றான். கேட்டவர் தலையசைத்து உட்கார்ந்தார். அவன் அடுத்த படத்துக்குப் போனான்.